வெள்ளிக்கிழமைச் சம்பளம்: எச்.எம்.ஆர்.சி.க்கு மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்பலாமா?

கேள்வி (வாசகர்): லண்டன் ஈஸ்ட் ஹாமில் சின்னதாக ஒரு மளிகைக் கடை எடுத்திருக்கிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். வாரச் சம்பளம், வெள்ளிக்கிழமை. சம்பள விவரத்தை எச்.எம்.ஆர்.சி.க்கு, அதாவது பிரிட்டன் வரித்துறைக்கு, எஃப்.பி.எஸ். என்று அனுப்ப வேண்டுமாமே, அதை வாராவாரம் அனுப்பத் தேவையில்லை, பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்குச் சலுகை உண்டு, மாதக் கடைசியில் ஒரே தடவை போதும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். பல வருடமாகக் கடை நடத்துகிறவர். உண்மையா?

2025 செப்டம்பர் 12, வெள்ளி இரவு

இல்லை. அந்தச் சலுகை 2016 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்ததால்தான் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஹாரோ பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன், 2011இலிருந்து. ஆரம்பித்த புதிதில் சம்பளக் கணக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான். கடைக்கு மொத்தமாக பி35 என்று ஒரு படிவம், ஆளுக்கு ஒரு பி14, மே 19க்குள். ஏப்ரல் முழுக்க ஷூ பெட்டியில் போட்டு வைத்த துண்டுச் சீட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 2013 ஏப்ரல் 6இல் ஆர்.டி.ஐ. (ரியல் டைம் இன்ஃபர்மேஷன்) வந்தது. (ஊரில் ஆர்.டி.ஐ. என்றால் நாம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது. இங்கே அரசாங்கம் நம்மைக் கேட்பது, அதுவும் வாராவாரம்.) சம்பளம் கொடுக்கும் அன்றோ அதற்கு முன்போ விவரம் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். சின்னக் கடைகள் திணறும் என்று முதலில் ஐம்பது பேருக்குக் குறைவானவர்களுக்கும், அப்புறம் ஒன்பது பேர் வரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும், மாதத்தின் கடைசிச் சம்பள நாளில் சேர்த்து அனுப்பலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் நண்பர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஆக, ஒவ்வொரு வெள்ளியும்.

செப்டம்பர் 13

பக்கத்துக் கடை யாழ்ப்பாணத்து அண்ணையிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். அவர் சொன்னது: "தம்பி, காசை எண்ணிக் கையில குடுக்க முதல் அந்த பட்டனை அமத்திப் போடச் சொல்லு. குடுத்தாப் பிறகு மறந்திடுவார்." நான் நேற்று பத்தி பத்தியாக எழுதியது இவ்வளவுதான்.

செப்டம்பர் 14

கணக்காளர் இல்லாமல் நாமே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எச்.எம்.ஆர்.சி.யே பேசிக் பி.ஏ.ஒய்.இ. டூல்ஸ் என்று ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. மணி நேரத்தைப் பெருக்கி மொத்தச் சம்பளத்தைப் போட்டால் வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் (என்.ஐ., அரசாங்கக் காப்பீட்டுப் பிடித்தம்) இரண்டையும் அதுவே கணக்குப் போட்டு அனுப்பிவிடும். என் கடையில் ஏழு பேர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மதியக் கூட்டம் வடிந்ததும் உட்கார்ந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நேரம் பிடிப்பது வாராவாரம் செய்யும் வேலை இல்லை, புது ஆள் சேரும் நாள். பழைய முதலாளி கொடுத்த பி45 சீட்டைக் கொண்டுவந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தை அவர் நிரப்ப வேண்டும். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகம். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் ஏ. நடுவில் வேறு வேலை பார்த்துவிட்டார், இப்போது இது மட்டும்தான் என்றால் பி. இன்னொரு வேலையும் கையில் இருக்கிறது என்றால் சி. படிக்க வந்த பிள்ளைகள் யோசிக்காமல் ஏ-வில் டிக் அடித்துவிடுவார்கள், முதலில் கண்ணில் படுவது அதுதானே. போன வருடம் ஒரு தம்பி காலையில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு மாலையில் என் கடைக்கு வந்துகொண்டிருந்தான். ஏ போட்டிருந்தான். இரண்டு இடத்திலும் முழு வரிவிலக்கு தரும் 1257எல் வரிக் கோடு ஓடி, 12,570 பவுண்டு வரிவிலக்கை இரண்டு தடவை அனுபவித்துவிட்டான். பிறகு கோடு மாறி ஒரே மாதத்தில் பிடித்தம் ஏறியதும் என்னிடம்தான் சண்டைக்கு வந்தான். அன்றிலிருந்து தாளை நீட்டிவிட்டுப் போவதில்லை. எதிரில் உட்காரவைத்து, தமிழில் ஒவ்வொரு வாசகமாகக் கேட்டு, பிறகுதான் பேனாவைக் கொடுப்பது.

வாரம் 125 பவுண்டுக்குக் குறைவாக வாங்குகிறவர்களை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 15, காலை

மேலே கடைசி வரி தப்பு. ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.

125 பவுண்டுக் கணக்கு, பதிவு செய்வதா வேண்டாமா என்பதற்கு. கடையில் எல்லாருமே அதற்குக் கீழே, யாருக்கும் வேறு வேலையோ பென்ஷனோ இல்லை என்றால் முதலாளியாகப் பதிவே வேண்டாம். ஒரே ஒருவர் அதைத் தொட்டுப் பதிவு செய்துவிட்டால், அப்புறம் கடையில் இருக்கும் அத்தனை பேரும் எஃப்.பி.எஸ்.ஸில் வர வேண்டும். சனிக்கிழமை எட்டு மணி நேரம் மட்டும் வரும் பதினேழு வயதுப் பையன் உட்பட. அவனுக்கு மணிக்கு 7.55, வாரத்துக்கு 60 பவுண்டு 40 பென்ஸ். வரி பூஜ்யம், என்.ஐ. பூஜ்யம், ஆனாலும் அவன் பெயர் போக வேண்டும்.

பி14 காலத்தில் அவர்களை விட்டுவிடலாம். அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். உங்கள் நண்பரைக் கிண்டல் செய்த வாய்.

செப்டம்பர் 15, மதியம்

"அப்போ நீங்க சொன்ன மத்ததை எப்படி நம்புறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம்பாதீர்கள். எச்.எம்.ஆர்.சி. தளத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 21

பெயர் விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

ஊரில் நாம் ஆர். முருகன், எஸ். கலைவாணி என்று எழுதியே வளர்ந்தவர்கள். இங்கே எஃப்.பி.எஸ்.ஸில் முதலெழுத்தோ செல்லப் பெயரோ கூடாது. பெயர், பிறந்த தேதி, என்.ஐ. எண் எல்லாவற்றையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள். ஒருவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். கடையில் எல்லாரும் "கலா அக்கா" என்பார்கள். படிவத்தில் கலா என்று போட்டால் அது வேறு ஆள்.

நான் செய்வது: சேரும் அன்றே பாஸ்போர்ட்டையும் என்.ஐ. கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. என்.ஐ. எண் இன்னும் வரவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு முகவரியைக் கொடுத்தால் போதும். வேறு யாருடைய எண்ணையோ, இட்டுக்கட்டிய எண்ணையோ போடவே கூடாது. அப்படிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஊர் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 22

பெயரை விட மோசமான ஒன்று ஆள் எண், அதாவது மென்பொருள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பேரோல் ஐடி.

2019இல் என் மடிக்கணினி சாம்பாரில் குளித்தது. உவமை இல்லை. பரிமாறும் மேடையில் வைத்த வாளி சரிந்து விசைப்பலகை முழுக்கப் பருப்பு. இந்த இலவச மென்பொருளின் தகவல் எல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். நான் பேக்அப் எடுத்து வைத்திருக்கவில்லை. புது மடிக்கணினியில் எல்லாரையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். பழைய வரிசை ஞாபகம் இல்லை. 3ஆம் எண்ணில் இருந்த சமையல் மாஸ்டர் 1 ஆனார், நான் பாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐடி மாறினால் "மாறியிருக்கிறது, பழையது இது" என்று அதற்குரிய கட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே ஆள் அதே கடையில் இரண்டாவது வேலையில் சேர்ந்ததாக ஆகிவிடும். ஆறு பேர் பன்னிரண்டு பேர் ஆனார்கள். நான் கட்ட வேண்டிய வரி கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் திரையில் நின்றது. என் தப்புதான். ஆனால் சரி செய்ய நான்கு மாதம் ஆயிற்று. இப்போது வெள்ளிக்கிழமை அனுப்பி முடித்ததும் பேக்அப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, கல்லாவில் சில்லறைக்குக் கீழே வைத்துவிடுகிறேன். மடிக்கணினி மாடிக்குப் போய்விட்டது.

அக்டோபர் 4

அபராதம் பற்றி மூன்று பேர் கேட்டதால் ஒரே இடத்தில்.

ஐம்பது பேருக்குக் குறைவான கடைகளுக்குத் தாமத அபராதம் 2015 மார்ச் 6இலிருந்து இருக்கிறது. ஒன்பது பேர் வரை மாதத்துக்கு 100 பவுண்டு, பத்து முதல் 49 வரை 200. வரி வருடத்தில் முதல் தடவை தவறினால் போடுவதில்லை. சம்பள நாளிலிருந்து மூன்று நாளுக்குள் போய்விட்டாலும் போடுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் அனுப்பியிருக்க வேண்டிய வரியில் ஐந்து சதவீதம் கூடுதல்.

யாருக்குமே சம்பளம் இல்லாத மாதம் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. இ.பி.எஸ். (எம்ப்ளாயர் பேமென்ட் சம்மரி) என்ற படிவத்தை அனுப்ப வேண்டும், அடுத்த 19ஆம் தேதிக்குள். இ.பி.எஸ். என்றதும் சேலத்துக்காரர் ஒருவர் முகம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. ஓ.பி.எஸ். என்று இங்கே படிவம் எதுவும் கிடையாது. இ.பி.எஸ்.ஸையும் அனுப்பாமல் விட்டால் நாம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அவர்களே ஒரு தொகையை மதிப்பிட்டுப் போட்டுவிடுவார்கள்.

அக்டோபர் 5

"மூன்று நாள் சலுகை இருக்கிறதே, அப்போ திங்கட்கிழமை சாவகாசமாக அனுப்பினால் என்ன?" என்று கேட்டவருக்கு: நேற்று அதை நான் எழுதிய விதம் சரியில்லை. அபராதம் இல்லை என்பதுதான், கெடு நீளவில்லை. வாராவாரம் அப்படியே செய்தால் கேள்வி வரும். அதைவிட, திங்கட்கிழமை அனுப்பினால் அடி விழுவது நமக்கு இல்லாமலும் இருக்கலாம். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

2023 ஆகஸ்டில் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனேன். ஆகஸ்ட் 25, செப்டம்பர் 1 இரண்டு வெள்ளியும் கடையில் நான் இல்லை. மாஸ்டர் கல்லாவிலிருந்து எல்லாருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டார், ஒருவருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை. எஃப்.பி.எஸ். மட்டும் போகவில்லை. திரும்பி வந்து செப்டம்பர் 6இல் இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். அந்த வருடம் முதல் தவறு, அபராதமும் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறார், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் மாத உதவித்தொகை. வாரம் இருபது மணி நேரம், அப்போது மணிக்கு 10.42, ஆக 208 பவுண்டு 40. அவருடைய கிரெடிட் கணக்கு மாதாமாதம் 3ஆம் தேதியோடு முடியும். அந்தக் கணக்குக்குச் சம்பளத் தொகை எங்கிருந்து போகிறது? நான் அனுப்பும் எஃப்.பி.எஸ்.ஸிலிருந்துதான். அவர் கையில் காசு எந்த நாள் வந்தது என்பதைவிட என் தகவல் எப்போது போய்ச் சேர்ந்தது என்பதே கணக்கில் ஏறியது. ஒரு மாதம் அவருக்கு இரண்டு வாரச் சம்பளம் குறைவாகத் தெரிந்தது, கிரெடிட் கூடுதலாக வந்தது. ஏன் கூட வந்தது என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூ, கோட் வாங்கிவிட்டார். அடுத்த மாதம் அந்த இரண்டு வாரமும் சேர்ந்து ஏறியது. 416 பவுண்டு 80இல் 55 சதவீதம், 229 பவுண்டு குறைந்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டம் இல்லை என்று அவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "வாடகை 8ஆம் தேதி அண்ணா" என்றார். நான் கொடுத்தேன், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதுவரை பத்து வருடமாக இந்தப் படிவம் எனக்கும் எச்.எம்.ஆர்.சி.க்கும் நடுவில் இருக்கும் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன்.

அக்டோபர் 6

நேற்று எழுதியதற்கு ஒருவர், யூனிவர்சல் கிரெடிட் ஆட்களே அதைச் சரி செய்திருக்கலாமே என்கிறார். முதலாளி தாமதமாக அனுப்பியதை எடுத்துச் சொல்லி மாற்றக் கேட்கலாம், உண்மைதான். அக்காவும் கேட்கவில்லை, நானும் அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு, சம்பள நாள் சனி ஞாயிறில் விழுந்து முன்தள்ளிக் கொடுத்தால் ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் ஏறிவிடும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. நான்கு அம்மாக்கள் இதை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போய் 2020இல் அப்பீலிலும் ஜெயித்தார்கள். அந்த வருடக் கடைசியில் விதியையே மாற்றினார்கள்.

அக்டோபர் 17

திங்கட்கிழமை தீபாவளி. ஆளுக்கு 50 பவுண்டு கவரில் போட்டுக் கொடுக்கிறேன், அதுவும் எஃப்.பி.எஸ்.ஸா என்று கேள்வி.

ஆமாம். ரொக்கம் எந்தப் பெயரில் கொடுத்தாலும் சம்பளம்தான், வரியும் என்.ஐ.யும் உண்டு. அதுவே 50 பவுண்டுக்குள் ஒரு ஸ்வீட் பாக்ஸ், வேட்டி, சேலை என்று பொருளாகக் கொடுத்தால் சில்லறைச் சலுகைக் கணக்கில் வரியே இல்லை, யாருக்கும் சொல்லவும் வேண்டாம். ஆனால் வேலைக்குக் கூலியாக இருக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கக் கூடாது. நான் மைசூர்பாகு போட்டுக் கொடுக்கிறேன். மாஸ்டர் போன வருடமே சொல்லிவிட்டார்: "நான் போட்ட மைசூர்பாகை எனக்கே குடுக்கறீங்க, கவர்ல குடுத்தா வரி போனாலும் பரவால்ல."

அவருக்கு மட்டும் கவர். எஃப்.பி.எஸ்.ஸில் ஏற்றித்தான்.

நவம்பர் 19

பிடித்த வரியையும் என்.ஐ.யையும் எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்டும் தேதி 22. இந்த மாதம் அது சனிக்கிழமை. ஃபாஸ்டர் பேமென்ட் (உடனே போய்ச் சேரும் வங்கிப் பரிமாற்றம்) இல்லாத வழி என்றால் வெள்ளிக்குள் போய்ச் சேர வேண்டும். மாதச் சராசரி 1,500 பவுண்டுக்குக் கீழே வரும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம். விவரம் மட்டும் வாராவாரம் போயே ஆக வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் 27

ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 12.71 என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது 12.21. கடைக்காரர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இந்த இழையைத் தொடங்கியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ், அதாவது முதலாளி கட்டும் என்.ஐ.யில் கிடைக்கும் கழிவு, கோரினீர்களா? முழு நேர ஆளுக்கு வாரம் 40 மணி, 488 பவுண்டு 40. அதில் 96 போக மீதிக்கு 15 சதவீதம் முதலாளி கட்டும் என்.ஐ., 58 பவுண்டு 86. வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். மூன்று பேர் என்றால் ஒன்பதாயிரத்துக்கு மேல். அலவன்ஸ் இப்போது 10,500. அதாவது அந்த மூன்று பேருக்கும் உங்கள் கையிலிருந்து முதலாளி பங்கு போகவே வேண்டாம். தானாக வராது. இ.பி.எஸ்.ஸில் ஒரு டிக், வருடா வருடம்.

அந்த டிக்கை நான் ஒரு வருடம் மறந்தேன். நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கோரலாம் என்பதால் திரும்பக் கிடைத்தது.

நவம்பர் 28

கோரவில்லையாம்.

இத்தனை நாளும் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்றைக்கே போடுங்கள் ஐயா, மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

டிசம்பர் 23

வெள்ளிக்கிழமை 26, விடுமுறை. நான் நாளையே சம்பளம் கொடுக்கிறேன். எஃப்.பி.எஸ்.ஸில் சம்பளத் தேதி 24 என்று போட வேண்டாம். கிறிஸ்துமஸுக்காக முன்னால் கொடுத்தால் வழக்கமான தேதியையே, அதாவது 26ஐயே, போட வேண்டும் என்பதுதான் விதி. காரணம் மேலே அக்டோபர் 5இல் இருக்கிறது. கிரெடிட் வாங்குகிறவர் யாராவது உங்களிடமும் இருப்பார், சொல்லியிருக்க மாட்டார்.

2026 ஜனவரி 11

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பளம் கொடுக்கும் ஒருவர், மென்பொருள் 53ஆவது வாரம் என்று ஒன்றைக் காட்டுகிறது, கோளாறா என்று கேட்டிருக்கிறார். கோளாறு இல்லை. வரி வருடம் ஏப்ரல் 6இல் தொடங்கி 5இல் முடியும். (ஏன் 6? 1752இல் காலண்டரை மாற்றியபோது காணாமல் போன பதினொரு நாளின் பழைய கதை. இன்னும் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.) இந்த ஏப்ரல் 5 ஞாயிறு, அதனால் உங்களுக்கு 53 சம்பள நாள். கடைசி வாரத்துக்குக் கூடுதலாக ஒரு வார வரிவிலக்கு கிடைக்கும், பிறகு வரி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஆட்களுக்குக் கடிதம் வரலாம். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தக் கடைசி அனுப்பலில் "வருடத்தின் இறுதி" என்ற டிக்கையும் மறக்காதீர்கள்.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கோஷ்டிக்கு இது 2024 ஏப்ரல் 5இல் வந்துபோயிற்று. மறுபடி 2030 ஏப்ரல் 5இல்தான். அதற்குள் நான் மறந்திருப்பேன், யாராவது அக்கறையாக இந்த இழையைத் தோண்டி எடுத்து மேலே போடுங்கள்.